கைதட்டல் கட்டளையிடும்போது

2020-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் இரவு. அமெரிக்க நாட்டின் அதிபர் யார் என்றறிய உலகமே விழித்திருந்த வேளை. குடியரசுக் கட்சியினர் தம் வீட்டுத் தொலைக்காட்சியாகவே கருதிவந்த ஃபாக்ஸ் நியூஸ், நள்ளிரவு நெருங்கும்போது ஓர் அறிவிப்பை வெளியிட்டது: அரிசோனா மாநிலம் ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கு! மற்ற நிறுவனங்கள் வாய் திறக்கத் தயங்கிய நேரம் அது. ஃபாக்ஸ் நிறுவனத்தில் அமர்ந்து கணக்குப் பார்த்தோர் துணிந்து சொன்னார்கள். சொன்னது சரியாகவும் இருந்தது. முடிவில் 10,457 வாக்குகள் மிகுதியாகப் பெற்று அரிசோனாவை வென்றவர் பைடனே.

சரியான செய்தியைப் பிறருக்கு முன்னதாகத் தந்த நிறுவனத்துக்குப் பாராட்டன்றோ குவிந்திருக்கவேண்டும்? குவிந்தது வசை! நமது தொலைக்காட்சியே நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டதே என்று கொதித்தனர், அதுவரை அதனைக் கண்டு களித்தோர். தேர்தலில் திருட்டு நடந்துவிட்டது என்று டிரம்ப் முழங்கினார். அம்முழக்கத்துக்கு இடங்கொடுத்த நியூஸ்மாக்ஸ் என்னும் சிறிய தொலைக்காட்சியின் பக்கம் அவர்களில் ஒரு பகுதியினர் சாய்ந்தனர். மெய் சொன்னதற்குத் தண்டனை உடனே வந்தது, நிறுவனம் நடுங்கிற்று.

வாக்கு எண்ணும் பொறிகளைச் செய்யும் டொமினியன் நிறுவனம் வாக்குகளை மாற்றிவிட்டது என்றொரு கதை, பிறகு ஃபாக்ஸ் மேடையிலும் ஏறிற்று. நம்பியா ஏற்றினர்? டொமினியன் தொடுத்த அவதூறு வழக்கு அதனை வெட்டவெளிச்சமாக்கியது. 2023 பிப்ரவரியில் நீதிமன்ற ஆவணங்கள் வெளிவந்தன. அறிவிப்பாளர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட செய்திகளெல்லாம் அவற்றில் இருந்தன. திரையிலே விருந்தினராக வந்து கதை சொன்ன வழக்கறிஞரை, திரைக்குப் பின்னே பொய்யர் என்றும் பித்துப் பிடித்தவர் என்றும் இகழ்ந்திருந்தனர். டிரம்பின் கூற்றுக்குச் சான்றில்லை என்று எடுத்துக்காட்டிய தம் நிறுவனத்துச் செய்தியாளரையே வேலையிலிருந்து விரட்டவேண்டும் என்று எழுதியிருந்தார் ஓர் அறிவிப்பாளர். காரணம்? பங்கின் விலை இறங்குகிறதாம்! 2023 ஏப்ரல் 18-ஆம் நாள், விசாரணை தொடங்கவிருந்த அன்றே, 78 கோடியே 75 இலட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது ஃபாக்ஸ்.

பொய்யென்று தெரிந்தே பொய்யைப் பரப்பியவன் குற்றவாளி. இதிலே நமக்கு ஐயமில்லை. ஆனால் மெய்யைச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனானே, அவன் யார்? ஏமாந்தவனா? ஏமாற்றும்படி கட்டளையிட்டவனா?

ஊதுகுழல் ஒருவன் கையில், செவி மட்டுமே மற்றவனுக்கு. ஊதுபவன் ஆட்டிவைக்கிறான், கேட்பவன் ஆடுகிறான் என்றுதான் நாம் நெடுநாளாகப் பேசிவருகிறோம். கயிற்றுக்கு மறுமுனையும் உண்டு. அதனைப் பிடித்து இழுப்பவர் கேட்போரே என்பதை அமெரிக்கா காட்டுகிறது.

முன்னாளில் அங்கே மூன்று பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் இருந்தன. எல்லாக் கட்சியாரும் அவற்றையே பார்த்தாகவேண்டும். ஆகவே எவரையும் மிகுதியாகச் சினமூட்டாமல் அவை பேசின. (அந்த அடக்கத்தைப் பொற்காலம் என்று புகழ நாம் வரவில்லை, கறுப்பினத்து மக்களின் குரல் அந்த அடக்கத்துக்குள் எவ்வளவு அமுங்கிக் கிடந்தது என்பதும் நமக்குத் தெரியும்.) பொதுச் சிக்கல்களில் மாறுபட்ட கருத்துக்கும் இடந்தரவேண்டும் என்று ஒளிபரப்பாளரைக் கட்டுப்படுத்த 1949-இல் பிறந்த விதி, 1987-இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டே ரஷ் லிம்பாவின் வானொலிப் பேச்சு நாடெங்கும் ஒலித்தது. 1996-இல் ஃபாக்ஸ் நியூஸ் தோன்றியது. பின்னாளில் ஜனநாயகக் கட்சியார்க்கு இனிப்பானதாக மாறிய எம்.எஸ்.என்.பி.சி.யும் அதே ஆண்டில்தான் தோன்றியது. விதி போயிற்று, வினை வந்தது என்று சிலர் எளிதாக முடித்துவிடுகின்றனர். கம்பிவழித் தொலைக்காட்சியை அவ்விதி கட்டியதே இல்லை. மெய்யான மாற்றம் வேறு: ஊரனைவரையும் அழைக்கவேண்டிய தேவை தீர்ந்தது, இருபது முப்பது இலட்சம் பற்றாளர் நாள்தோறும் வந்தமர்ந்தால் போதும், பெருஞ்செல்வம் சேரும் என்ற நிலை பிறந்தது. பற்றாளரை வைத்துப் பிழைப்பவன், அந்தப் பற்றாளருக்கே அடிமையாவான்.

பற்றாளரின் கொதிப்பு ஒரே கட்சியில் நிலைத்திருப்பதுமில்லை. 2008-இல் ஒபாமாவைச் சுற்றித் திரண்டது இளைஞர் கூட்டம்; மாற்றம், மாற்றம் என்று மண்ணதிர முழங்கிற்று. 2009 பிப்ரவரியில் சிகாகோ வணிகச் சந்தையில் நின்று தொலைக்காட்சியாளர் ஒருவர் அரசின் கடனுதவித் திட்டத்தைச் சாடினார். தேநீர்க் கட்சி எனும் கிளர்ச்சி பற்றிக்கொண்டது. 2010-இல் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. 2017 சனவரி 21-இல், டிரம்ப் பதவியேற்ற மறுநாள், இலட்சக்கணக்கான பெண்கள் தெருவில் அணிவகுத்தனர். 2018-இல் ஜனநாயகக் கட்சிக்கு 40 இடங்களுக்குக் குறையாமல் கூடிற்று. தோற்றவன் வீட்டில் தீ மூளுகிறது. வென்றவன் வீட்டில் உறக்கம் வருகிறது. இரு கட்சியாரும், தீ தம் பக்கம் மூளும்போதெல்லாம், மக்கள் விழித்துக்கொண்டனர், நீதி நம் பக்கம் என்று பறைசாற்றினர்.

கொதிப்பு, நீதிக்குச் சான்றாகுமா? வெற்றிக்குக்கூடச் சான்றாகவில்லையே! 2020-இல் பெருங்கூட்டங்களைக் கூட்டிக் காட்டியவர் டிரம்ப். 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வேறுபாட்டில் தோற்றவரும் அவரே. 2024 சூலை 21-இல் பைடன் விலகியதும், கமலா ஹாரிசுக்கு ஒரே நாளில் 8 கோடியே 10 இலட்சம் டாலர் குவிந்தது. எங்கும் களிப்பு, எங்கும் ஆரவாரம்! நவம்பரில் வென்றவர் டிரம்ப்.

கொதிப்பைக் காக்கச் சொல் வேண்டும். பெருஞ்செல்வர் இறந்தபின் அவர் விட்டுச்செல்லும் உடைமைமீது 1916 முதல் வரியுண்டு. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இறப்போரில் நூற்றுக்கு இருவரளவினர் உடைமையே அதற்கு உட்பட்டது. குடியரசுக் கட்சியினர் அதற்குச் 'சாவு வரி' என்று பெயரிட்டனர். சாவோ எல்லார்க்கும் வருவது! எனவே உழைத்து ஓய்ந்த ஏழையும், தன் பிணத்தின்மீது அரசு கைவைக்கும் என்று அஞ்சினான். 2001-இல் இயற்றிய சட்டத்தால் வரி படிப்படியாகத் தளர்ந்து, 2010-இல் ஓராண்டு அடியோடு இல்லாமலே போயிற்று. கென்டக்கி மாநிலத்தில் இன்னொரு வேடிக்கை: ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை அங்கே 'கைனெக்ட்' என்ற பெயரால் நடத்தினர். 'ஒபாமாகேர்' என்றால் வெறுத்தவர் பலர். 'கைனெக்ட்' என்றால் வெறுத்தவர் சிலரே. மருந்து ஒன்று, புட்டியின் மேலொட்டிய சீட்டு இரண்டு!

இவற்றை எழுதியதால், எதிர்த்தரப்பு தூயது என்று சொன்னோமில்லை. பைடனின் தளர்ச்சியைக் கண்ணாற் கண்டோரையும், கண்டது பொய், கண்டது திரிபு என்று ஜனநாயகக் கட்சியின் பேச்சாளர் பலர் அதட்டிவந்தனர். 2024 சூன் 27-ஆம் நாள் விவாத மேடையில் நாடே பார்த்துவிட்டது. அதுவரை அதட்டலுக்குத் தலையாட்டிய பற்றாளர்க்கு அதில் பங்கில்லையா? உண்டு. ஆயினும் இரண்டும் ஒரே எடை என்று தராசு பிடிப்பது நடுநிலை ஆகாது. முதியவரின் தளர்ச்சியை மறைத்தது மக்களை ஏய்த்த செயல். தேர்தலே திருடப்பட்டது என்ற பொய்யோ, 2021 சனவரி 6-இல் நாடாளுமன்றக் கட்டிடத்தின் கதவை உடைத்தது.

பற்று எவ்வளவு ஆழம் பாய்ந்துவிட்டது என்பதைக் காணுங்கள். மாற்றுக் கட்சிக்காரரைத் தம் மக்கள் மணந்தால் மனம் வருந்துமா என்று 1960-இல் கேட்டபோது, ஆம் என்றவர் நூற்றுக்கு ஐவரளவினரே. 2010-இல் கேட்டபோது குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழப் பாதிப்பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவர், வருந்துவோம் என்றனர். பிறவியில் வராத பிரிவு, பிறவிப் பிரிவைப்போல் மணப்பந்தலில் வந்து நிற்கிறது! 2016 நவம்பர்த் தேர்தல் முடிந்த சில நாட்களிலேயே, நாட்டின் பொருளாதாரம் நன்று என்று குடியரசுக் கட்சியினரும், நன்றன்று என்று ஜனநாயகக் கட்சியினரும் பேசத் தலைப்பட்டனர். விலைவாசி மாறவில்லை, கூலி மாறவில்லை, ஆட்சிக்கு வரவிருந்த ஆள்தான் மாறியிருந்தார்.

உழைத்துக் களைத்து வீடு திரும்புபவன், ஆவணங்களைத் தேடிப் படித்துச் சரிபார்க்க முடியுமா? அவன்மீதா பழி போடுகிறீர்கள் என்று தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தேடிப் படிக்காததை நாமும் பழிக்கவில்லை. பழியின் பெரும்பகுதி, கோடிகளை எண்ணிக்கொண்டே பொய்யை விற்றவனுக்குத்தான். ஆனால் அரிசோனாச் செய்தியைக் கேட்டவன் எதையும் தேடவேண்டிய நிலையில் இல்லை. மெய் அவன் வீடு தேடி வந்திருந்தது. அவன் நம்பிய வாயிலிருந்தே வந்தது. பொத்தானை அழுத்தி அதனை விரட்டினான். அறியாமை வேறு, அறிய மறுத்தல் வேறு. முன்னதற்கு இரக்கம் காட்டலாம்; பின்னதற்கு, ஏழையாயினும் செல்வனாயினும், விடை சொல்லியாகவேண்டும்.

மேடையேறிப் பழகிய நமக்கும் இது புதிதன்று. எந்தச் சொல்லுக்குக் கை தட்டுவார்கள், எந்தச் சொல்லுக்கு அவை வாடும் என்பதை நாமும் அறிவோம். வாடும் சொல்லை விழுங்கிவிட்டு, தட்டும் சொல்லை இன்னொரு முறை சொன்ன மாலைகள் நமக்கும் உண்டு. அன்று அவையும் மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம்.

அரிசோனாக் கணிப்பைத் திரையிலே நின்று காத்துப் பேசிய ஃபாக்ஸ் நிறுவனத்தின் அரசியல் பகுதி ஆசிரியர் கிறிஸ் ஸ்டைர்வால்ட், 2021 சனவரியில் வேலையிழந்தார். அமைப்பு மாற்றம் என்றது நிறுவனம். 2022 சூன் 13-ஆம் நாள், சனவரி 6 நிகழ்ச்சியை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, அன்றிரவு தாங்கள் கணக்கிட்டது எப்படி என்று அவர் விளக்கினார்.