வளர்த்துக் கொடுக்கும் அறம்

மீட்கப்பட்ட நாய்க்கு நிரந்தர வீடு அமையும்வரை அதைத் தன் வீட்டில் வைத்துத் தேற்றுவது தற்காலிக வளர்ப்பு. காப்பகங்களில் இடம் போதாத கிள்ளான் பள்ளத்தாக்கில் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியும் கிள்ளான் தாமான் வீடும் இப்படிச் சில வாரங்களுக்கு அடைக்கலம் ஆகின்றன. இதில் ஓர் அறக்கேள்வி உண்டு: நம்பி வந்த உயிரை முழுமனதோடு ஏற்பதும், பழகிய பிறகு இன்னொருவரிடம் அனுப்பிவிடுவதும் ஒன்றுக்கொன்று முரண் ஆகாதா?

பழைய கதைகள் இரண்டு இதற்கு எதிரெதிர் விடை சொல்வதுபோல் தோன்றும். மகாபாரதத்தின் 17ஆம் பருவத்தில், மலைவழியில் தன்னைப் பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் செல்லும் தேரில் ஏற மறுக்கிறார் தருமர். அண்டி வந்ததைக் கைவிடுவது பெரும்பாவம் என்பது அவர் வாதம். பாகவதத்தின் 5ஆம் கந்தத்திலோ, ஆற்றில் விழுந்த மான்குட்டியைக் காப்பாற்றி வளர்த்த தவசி பரதன், சாகும்போதும் அதையே நினைத்து மறுபிறவியில் மானாகிறான். முன்னது கைவிடாதே என்கிறது. பின்னது பற்று வைக்காதே என்கிறது.

கூர்ந்து பார்த்தால் முரண் இல்லை. குட்டியைக் கரையேற்றியது பரதன் செய்த பிழை அன்று. நோன்பையும் மறந்து அதைத் தன் மனத்தின் தேவையாக்கிக்கொண்டதே பிழை. தருமரின் நாய்க்கு அந்த மலையில் வேறு நாதி இல்லை. விட்டுப் போவது சாகவிடுவதாகும். நல்ல கையில் ஒப்படைப்பது அதனோடு சேராது. திருக்குறள் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தது. தற்காலிக வளர்ப்பில் துறவிக்குரிய அந்த அருளை இல்லறத்தார் வீட்டுக்குள்ளேயே பழகுகிறார்கள்.

பற்றுக்கும் அருளுக்கும் உள்ள வேறுபாடு முதல் நாட்களில் கண்கூடாகத் தெரியும். புதிதாக வந்த நாய் மூலையில் ஒடுங்கி, உதட்டை நக்கும். தலையைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கும். தூக்கமில்லாமலே கொட்டாவி விடும். இவை அச்சத்தின் அடையாளங்கள். அப்போது அள்ளி அணைப்பது மனிதரின் ஆசையைத்தான் தீர்க்கும். நாய்க்கு வேண்டியது ஆள் நடமாட்டமில்லாத ஒரு மூலை, தண்ணீர், நேரம் தவறாத உணவு, தானாக அருகில் வரும்வரை பொறுமை. குளிப்பாட்டலும் விருந்தினர் வருகையும் சில நாள் தள்ளிப்போகலாம். திகைப்பு தணிய 3 நாள், வீட்டு வழக்கம் பிடிபட 3 வாரம், நம்பிக்கை ஊன்ற 3 மாதம் என்பது வளர்ப்போரிடையே வழங்கும் தோராயக் கணக்கு.

வீட்டாரின் நோன்பு நாய்க்குப் பொருந்தாது. புரட்டாசியில் வீடு சைவமானாலும், நாயின் உணவைத் திடீரென மாற்றினால் வயிறு கெடும். மிஞ்சிய சாம்பார் சாதமும் ஆகாது; வெங்காயம் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நாய் பைரவரின் வாகனமே என்றாலும் பூசை அறைக்குள் அதை விடாத வீடுகள் உண்டு. அந்த எல்லையை முதல் நாளிலிருந்தே வீட்டார் எல்லாரும் ஒன்றுபோல் காத்தால் நாய்க்குக் குழப்பம் இல்லை.

அண்டை வீட்டாரும் இந்த அறத்துக்குள் அடங்குவர். மலேசியாவில் பெரும்பான்மை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில் நாயின் எச்சில் கடும் அசுத்தம். பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். 2014 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் நாயைத் தொட்டுப் பழக நடந்த நிகழ்ச்சி நாடளாவிய சர்ச்சையானது. லிஃப்டில் கயிற்றைக் குறுக்கிப் பிடிப்பதும், பிறர் ஏறியிருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பதும் முஸ்லிம் அண்டை வீட்டாரின் நம்பிக்கைக்குத் தரும் மதிப்பு. அடுக்குமாடிகளுக்கான 2015ஆம் ஆண்டு விதிகளும் அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் பிராணியை வைத்திருக்கத் தடை விதிக்கின்றன.

ஒப்படைக்கும்போது தடுப்பூசி அட்டை, உணவு நேரம், நாய் எதற்கு அஞ்சும் என்ற விவரம், அது படுத்துப் பழகிய துணி ஆகியவை கூடவே போக வேண்டும். புது வீடு ஒத்துவராவிட்டால் திரும்பப் பெற்றுக்கொள்வதாக வாக்கும் தர வேண்டும். அந்த வாக்கு இருக்கும்வரை கொடுத்தல் கைவிடுதல் ஆகாது. கொடுக்க மனம் இருக்கும்வரை வளர்த்தல் பற்றும் ஆகாது.