விளக்கும் விழிப்பும்

பொழுது சாயுமுன் உணவை முடித்துவிடும் வழக்கம் நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. இருளில் உண்டால் உணவில் விழும் சிற்றுயிர் கண்ணுக்குப் புலப்படாது. விளக்கேற்றி உண்டாலோ, அவ்விளக்கை நாடியே சிற்றுயிர்கள் வந்து விழும். இரவு உண்ணாமைக்குப் பெரியோர் கூறும் காரணங்களுள் இது தலையாயது. ஆகவே விளக்கு என்பது நமக்கு வெறும் வசதிப் பொருளன்று. அதை ஏற்றும்போதும் அணைக்கும்போதும் அறம் பற்றிய ஒரு வினா உடன் வருகிறது. அவ்வினா இன்று புதியதொரு வடிவம் கொண்டிருப்பதைப் பற்றி இங்கு எழுத விழைகிறோம்.

கொங்குவேளிரும் பவணந்தி முனிவரும் வாழ்ந்த கொங்கு நாட்டிற்கு, 1932-இல் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் மின்விசை பெருமளவில் வந்தது. கோவையில் நூற்பாலைகள் பெருகின. இரவும் ஒளி பெற்றது. “விளக்குத்தான் பகல்போல் எரிகிறதே, இரவில் உண்டால் என்ன?” என்று நம் குடும்பத்து இளையோரும் கேட்டதுண்டு. ஒளி வளர்ந்தாலும் பூச்சி அதனை நாடுவது மாறவில்லை என்பதே அன்று மூத்தோர் தந்த விடை.

நாம் வாழும் கோவை வீடு 1976-இல் மாமனார் கட்டியது. மரச்சட்டங்களின் மேல் ஓட்டப்பட்டிருந்த பழைய கம்பிகள் நைந்துவிட்டமையால் சென்ற ஆண்டு அவற்றை மாற்ற நேர்ந்தது. பொறியியல் பயின்ற பேரன், “பாட்டி, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், ஆள் வருவதை அறிந்து விளக்கு தானே எரியும்படி செய்துவிடலாம்” என்றான். கம்பியில்லாத முறையில் சுவரை அதிகம் தொட வேண்டியதில்லை. ஆயினும் எப்படியும் கம்பி மாற்றுவதால் கம்பிவழி முறையே உறுதியானது, இணையம் நின்றாலும் விளக்கு நிற்காது என்று விளக்கினான். இம்முறையில் ஒவ்வொரு விளக்கின் கம்பியும் ஒரு நடுப்பெட்டிக்குச் செல்கிறது. சுவரிலுள்ள பொத்தான்களும் சென்சார்களும் ஏறத்தாழ 30 வோல்ட் அழுத்தமே உள்ள மெல்லிய கம்பியால் அப்பெட்டிக்குச் செய்தி அனுப்புகின்றன. எந்த விளக்கு எப்போது எரியும், எத்தனை நிமிடத்தில் அணையும் என்பதைப் பெட்டியில் பதிந்து வைக்கலாம். பின்னர் மாற்ற விரும்பினால் சுவரை மீண்டும் கொத்த வேண்டியதில்லை.

பணி தொடங்கிய முதல் நாளே அறம் குறுக்கிட்டது. மாடிப்படி அருகிலிருந்த பழைய சுவிட்சுப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இரண்டு பல்லி முட்டைகள் இருந்தன. எலக்ட்ரீஷியன் அவற்றைத் தட்டிவிடக் கை நீட்டினார். நாம் தடுத்தோம். “சரிங்கம்மா, இத விட்டுப்போட்டு மத்ததப் பார்க்கறனுங்க” என்று அவரும் முகம் கோணாமல் நகர்ந்தார். ஏறக்குறைய ஒன்றரை மாதம் மாடிப்படியில் கைவிளக்கோடு ஏறி இறங்கினோம். முட்டைகள் வெறும் ஓடுகளான பின்னரே அவ்விடத்துப் பணி நிறைவுற்றது.

புதிய அமைப்பால் விளைந்த நன்மையை முதலில் கூறவேண்டும். முன்பெல்லாம் கொல்லைப்புற விளக்கை அணைக்க மறந்து உறங்கிவிடுவோம். மழைக்காலத்து விடியலில் அவ்விளக்கின் கீழ் ஈசல்கள் குவியலாகச் செத்துக் கிடக்கும். அவற்றைப் பெருக்கும்போதெல்லாம் நெஞ்சு உறுத்தும். மறுவாரமே மீண்டும் மறப்போம். இப்போது ஆளில்லையேல் மூன்று நிமிடத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது. நீலம் கலந்த வெண்ணொளியைவிட மஞ்சளொளியை நாடும் பூச்சிகள் பொதுவாகக் குறைவு என்பதால் அங்கு மஞ்சள் விளக்கே இட்டோம். சென்ற மழைக்காலத்தில் பெருக்குவதற்குக் குவியல் இல்லை.

இனித் தீமை. ஒருநாள் பின்னிரவில் தண்ணீர் அருந்த அடுக்களைக்குச் சென்றோம். கால் வைத்தவுடன் விளக்கு தானே எரிந்தது. நடந்து சென்று நீர் அருந்தித் திரும்பும்போதுதான் தரையைப் பார்த்தோம். எறும்புச் சாரை ஒன்றை மிதித்துக் கடந்திருந்தோம். பழைய நாளில் இருட்டில் சுவிட்சைத் தேடித் தட்டி, ஒளி வந்ததும் ஒரு கணம் நின்று, தரையைப் பார்த்த பின்னரே அடி எடுத்து வைப்போம். அக்கணத்தை யாரும் நமக்கு விதியாகக் கற்பிக்கவில்லை, சுவிட்சே கற்பித்திருந்தது. நடக்கும்போது தரை நோக்கும் ஈர்யா சமிதி துறவியர்க்கு உரியதாயினும், அதன் சாயலாக நம்மிடமிருந்த அந்த ஒரு கணமும் சுவிட்சோடு போயிற்று.

கொல்லையில் உயிர்கள் பிழைத்தமை நம் அறமா? அடுக்களையில் உயிர்கள் மாண்டமை கருவியின் பிழையா? தத்துவார்த்த சூத்திரம் கவனமின்மையை இம்சையின் வேராகக் காட்டுகிறது. அவ்வாறு நோக்கின் அடுக்களைப் பிழை நம்முடையதே. கொல்லையின் நன்மையோ அவ்வளவு எளிதில் நம்முடையதாகாது. வகுப்பில் சட்டாம்பிள்ளை பெயர் எழுதும்வரை மாணவர் அமைதியாயிருப்பர். அதை ஒழுக்கம் என்று கூற மாட்டோம் என்று ஆசிரியப் பயிற்சியிலேயே நமக்குக் கற்பித்தார்கள். எனினும் அந்த அமைதியில் பாடம் படிக்கும் பக்கத்து மாணவனுக்கு அதன் பயன் பொய்யன்று. ஈசலுக்கும் அவ்வாறே. நம் வினைக்கணக்கு எவ்வாறாயினும் அதற்கு உயிர் மிஞ்சியது. அதனால் கருவியை வெறுப்பது அறமாகாது.

ஆனால் அதன் எல்லையை அறிதல் வேண்டும். இத்தகைய சென்சார் உடல் வெப்பத்தின் அசைவைக் கொண்டே ஆளை அறிகிறது என்று பேரன் கூறினான். நம்மைப்போல் வெம்மையுடைய உடலே அதன் கண்ணுக்குத் தெரியும், எறும்பு தெரியாது. அகிம்சை வேண்டுவதோ அக்கருவி காணாத அந்த உயிரைக் காணும் கண். நம் மறதியைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். நம் பார்வையை ஒப்படைத்தல் ஆகாது.

இவ்வாறு தெளிந்தபின் பேரனிடம் சொல்லி, அடுக்களைக்கும் மாடிப்படிக்கும் சென்சாரை நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே விளக்கு எரியுமாறு பெட்டியில் மாற்றிப் பதியச் செய்தோம். கால் மணி நேரத்தில் அவ்வேலை முடிந்தது. கொல்லையிலும் குளியலறை வாயிலிலும் சென்சார் தொடர்கிறது. இப்போது அடுக்களையில் பொத்தானை அழுத்தியபின் மீண்டும் ஒரு கணம் நிற்கிறோம். சில நாள் மறந்தும் போகிறோம்.

தத்தம் இல்லத்தில் இப்பணியை மேற்கொள்ளும் அன்பர்கள், சுவரில் உளி படுமுன் ஒரு தாளை எடுத்து, எங்கெங்கு அணைக்க மறக்கிறோம், எங்கெங்கு பார்த்து நடக்க வேண்டும் என்று இரு பத்தியாக எழுதிக்கொள்வது நன்று. பழைய பெட்டிகளைத் திறக்கும் நாளில் வீட்டார் ஒருவர் உடனிருத்தலும் வேண்டும்.