மகப்பிரிவிற் பாசமும் அன்பும்

வளர்ந்த மக்கள் கல்வி குறித்தோ தொழில் குறித்தோ பெற்றோரை விட்டுப் பிறிதோர் ஊரிற் குடியேறுதல் இக்காலத்து எவ்வில்லத்தும் நிகழ்வதொன்று. அங்ஙனங் குடியேறுங்கால் பெற்றோரும் உடன்சென்று, உறையுள் பார்த்து, தட்டுமுட்டுப் பொருள்களை வைத்துக்கொடுத்து, அப்பயணத்தையே இரண்டொரு நாள் இன்பச் செலவாகவும் ஆக்கிக்கொண்டு, ஊர் பார்த்துக் கோயில் தொழுது மீளுதலும் வழக்காகிவிட்டது. இது மிகச் சிறிய செய்தி. சித்தாந்த ஆராய்ச்சிக்கு இதன்கண் யாது உளது என அன்பர்கள் வினவலாம். முப்பொருளுண்மை ஏட்டிலே கிடப்பதன்று. அடுக்களையினும் வாயிற்படியினும் நாள்தோறும் நம்மைச் சோதிப்பது. பெற்றோர்க்கு மக்கள்மேற் செல்வது அன்போ பாசமோ, பிரிவுநாளை மகிழ்ச்சிநாளாக்குதல் அறமோ மயக்கமோ என்னும் இரு வினாக்கள் இச்சிறு செய்தியுள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு ஏதுவாயது எம் இல்லத்து நிகழ்ந்ததொன்றாகலின் அதனை முதற்கட் சுருங்கக் கூறுதும். எம் மகள் புதுவையில் ஒரு பணியேற்க வேண்டி நேர்ந்தது. யாமும் எம் இல்லத்தாரும் அவளுடன் விழுப்புரம் வழியாகச் சென்றோம். வழியில், இன்று திருவாண்டார்கோயில் என வழங்கும் திருவடுகூரில், ஆளுடைய பிள்ளையாரின் பதிகம் பெற்ற பெருமானை வணங்கினோம். புதுவையில் வேதபுரீசுரரையும் மணக்குள விநாயகரையுந் தொழுது, மாலையிற் கடற்கரைச் சாலையில் உலாவினோம். மறுநாள் வாடகைக்கு அமர்த்திய அறையிற் பொருள்களை வைக்கத் தொடங்கினோம். அடுப்பு இன்ன இடத்து, அரிசிப்பானை இன்ன இடத்து, கட்டில் சன்னலுக்கு எதிரேயாகாது, சுவாமி படம் கீழைச்சுவரில் என்று யாமே கட்டளையிட்டு எல்லாவற்றையும் வைப்பித்தோம். கடைக்குச் சென்று வாளியும் விளக்கும் வாங்கி மீள்வதற்குள், அவள் கட்டிலைச் சன்னலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, படத்தையும் தான் கண்விழித்தவுடன் காணுமாறு வேறொரு சுவரில் மாட்டியிருந்தாள். "இங்கேதான் காற்று வருகிறது, அப்பா" என்றாள். அச்சொல்லிற் குற்றம் யாதுமில்லை. எமக்கோ முகம் வாடிற்று. அன்று மாலை அவர்கள் கடற்கரைக்கு அழைத்தபோதும் செல்லாது அறையிலேயே இருந்துவிட்டோம். எம் மனையாள் ஒன்றே கூறினாள்: "அறை அவளுடையதுதானே?" அவ்வொரு வினா மீளும் வழியெல்லாம் எம்மை உறுத்தியது. எம்மை வாட்டியது மகளின் பிரிவன்று. எம் கட்டளை மாறியதே என்பது அப்பொழுதே விளங்கலாயிற்று.

இனி நூல்வழி நின்று நோக்குவாம். உயிர்கள் பல, அவை படைக்கப்பட்டனவல்ல, இறைவனைப்போலவே அநாதியாயுள்ளன என்பது சைவசித்தாந்தத் துணிபு. அவ்வவ்வுயிரின் வினைக்கேற்பத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் மாயையினின்று தோற்றுவித்துக் கூட்டுபவன் இறைவன். குடத்துக்கு மண் முதற்காரணமும், தண்டசக்கரம் துணைக்காரணமும், குயவன் நிமித்தகாரணமுமாதல்போல, மகவின் உடற்றோற்றத்திற்குப் பெற்றோர் துணைக்காரணத்தின்பாற்படுவரேயன்றி அதற்கு மேற்படார். அவ்வுயிரை அவர் ஆக்கினாரல்லர். தம்மினும் பிற்பட்டு உளதாயதென்று அதனைக் கூறவும் அவர்க்கு உரிமையில்லை. உண்மை இதுவாயின், மகள் சென்று தங்கும் ஊரும் அறையும் அவளுயிர்க்கு இறைவன் அமைத்த புவனத்தின் பகுதியாம். அதனுட் கட்டில் கிடக்கும் இடத்தையும் யாமே அறுதியிடவேண்டும் என்று எண்ணுதல் எதன் செயல்? யான், எனது என்று எழும் ஆணவத்தின் செயலே. ஆணவம் பெருங்குற்றங்களில் மட்டுமே வெளிப்படுமென்று கருதற்க. பெற்ற மகவுக்கு உதவுங் கையின்கண்ணும் அது மறைந்து நிற்கும். மறைந்து நின்றலே இருளின் இயல்பாதலின், உதவியென்னும் போர்வையுள் நிற்கும் ஆணவத்தை அறிதல் அரிது.

அற்றேல், மக்கள்மேற் செல்லும் விருப்பமெல்லாம் பாசமேயாம். பாசமாயின் அதனை அறுத்தலே செயற்பாலது. பிரிவிற்கு வருந்துதலும் உடன்சென்று உதவுதலும் சித்தாந்திகட்கு ஆகா என்பார் உளராலோவெனின், அற்றன்று. இறைவனை அம்மையென்றும் அப்பனென்றும் நம் ஆசிரியன்மார் ஒருமுகமாக அழைத்தனர். தாயன்பு முழுதும் மலத்தின் காரியமாயின், அதனைத் திருவருளுக்கு உவமையாக எடுத்தல் இருளை ஒளிக்கு உவமையாக்குதல்போல் வழுவாய் முடியும். ஆதலின் அவ்வன்பினுள் அருளின் சாயல் உண்டு. அதனோடு 'எனது' என்னும் முனைப்பும் விரவிக் கிடக்கின்றது. நெல்லும் உமியும் போல இரண்டும் ஒருங்கே தோன்றி வளர்வன. உமியை நீக்கவேண்டி நெல்லையும் எறிதல் அறிவன்று. நெல்லை விரும்பி உமியொடு உண்டலும் அறிவன்று.

இவ்விரண்டனையும் பிரித்தறிதற்குரிய அடையாளம் யாதோவெனின், கூறுதும். பாசம் தனக்குக் குறைபடுவதை எண்ணும். அன்பு மற்றதற்கு வேண்டுவதை எண்ணும். பாசம் செய்த உதவியை நினைவிற் கொள்ளும். அன்பு செய்து மறக்கும். மகளுக்கு அரிசியும் பருப்பும் வாங்கி வைப்பது அன்பு. அவள் அதனை எவ்வாறு சமைத்தாளென்று நாள்தோறுங் கைப்பேசியிற் கணக்குக் கேட்பது பாசம். செயல் ஒன்றேயாயினும் அதன் வேர் வேறு.

திருத்தொண்டர் புராணம் இதற்கு இரு தந்தையரைக் காட்டுகின்றது. ஒருவர், புதுவை அரசின்கீழ் இன்றுமுள்ள காரைக்காலில் வாழ்ந்த வணிகர் தனதத்தர். அவர்தம் ஒரே மகளார் புனிதவதியாரை நாகப்பட்டினத்து வணிகர் குலத்துப் பரமதத்தனுக்கு மணம் செய்வித்தார். முறைப்படி மகளார் நாகைக்குச் செல்லவேண்டும். ஒரு மகளாதலின் பிரிய ஆற்றாராய், காரைக்காலிலேயே தனிமனை அமைத்து, பெரும்பொருளும் அளித்து, மருமகனையும் அங்கேயே இருத்தினார். இது குற்றமென்பது எம் கருத்தன்று. பொருளும் மனமும் உடைய எத்தந்தையும் செய்ய விழைவதே. ஆயின் நிகழ்ந்தது யாது? அம்மனையிலேதான் மாங்கனி அற்புதம் நிகழ்ந்தது. அஞ்சிய கணவன் கப்பலேறிப் பிரிந்தான். அம்மையாரோ தசைப்பொதி கழித்துப் பேய்வடிவு தாங்கித் தலையால் நடந்து கயிலை சென்று, இறைவனால் அம்மையென்று அழைக்கப்பெற்று, திருவாலங்காட்டில் அவன் திருவடிக்கீழ் அமர்ந்தார். நாகைக்கும் அனுப்பாது வைத்த மகளார் கயிலைக்குச் சென்றார்! தந்தையமைத்த சுவர் அவரைத் தடுக்கவில்லை. வினையும் அருளும் வீட்டெல்லை நோக்கி நிற்பனவல்ல.

மற்றொருவர் சீகாழிச் சிவபாத இருதயர். குளக்கரையில் மூன்றாண்டு நிரம்பிய பிள்ளையின் கடைவாயிற் பால் கண்டு, யார் கொடுத்ததை உண்டாயென்று கோலெடுத்து வெகுண்டவர் அவர். தம் மகவுக்கு ஊட்டியவர் தாமல்லாத பிறரும் உளர் என்பதை அக்கோலுங் கையுமாக நின்றபோதே அவர் அறியலாயினார். அறிந்தபின் அவர் செய்தது யாது? கோலை விடுத்தார்; திருக்கோலக்காவினின்று மீளுங்கால் பிள்ளையைத் தோள்மீது சுமந்து வந்தார். அதட்டும் தந்தை சுமக்கும் தந்தையானார். பின்னரும் பிள்ளையார் சென்ற தலங்கட்கு உடன்சென்றார். திருவாவடுதுறையிற் பிள்ளையார் ஆயிரம் பொன் பெற்றளிக்க, அதனைக்கொண்டு வேள்வி செய்யக் காழிக்கு மீண்டார். நெடுநாட் பிரிந்திருக்கப் பொறாது மதுரைக்குச் சென்று மகனாரைக் கண்டபோது, பிள்ளையார் தம்மை இளமைதொட்டுக் காத்த கழுமலத்துப் பெருமான் இனிதிருத்தலையே பதிகத்தால் வினவினார். அவ்வினாவைக் கேட்ட தந்தையின் நெஞ்சம் எவ்வளவு நிறைந்திருக்கும்! பிறந்த இல்லத்தினின்று மகவு கொண்டு செல்லத்தக்க உடைமை ஒன்றே. அஃது அவ்வில்லத்து வழிபடப்பட்ட இறைவனின் நினைவு. எம் மகள் படத்தை இடம்பெயர்த்தாள் என்று வருந்திய யாம், கண்விழித்தவுடன் அதனைக் காண விரும்பினாள் என்பதை நோக்கத் தவறினோம்.

இனி இரண்டாம் வினா. பிரிவை மனத்துள் வைத்துக்கொண்டு ஊர் பார்த்து மகிழ்தல் போலியன்றோ? துன்பத்தை இன்பத்தால் மூடுதல் தன்னைத் தானே ஏமாற்றுதலன்றோ? மூடுதற்பொருட்டாயின் அது போலியே. ஆயின் இன்பமுந் துன்பமும் ஒருநாளில் ஒரே கலத்தில் வந்து சேர்தல் உலகத்து இயற்கை. மாசிமகத்தன்று புதுவை வைத்திக்குப்பக் கடற்கரையை நினைக்க. மயிலம் முருகப்பெருமான் முதலாகச் சுற்றுப்புற ஊர்களின் தெய்வத் திருமேனிகள் அங்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கொடுக்கின்றன; மக்கள் திரள் ஆரவாரிக்கின்றது. அவ்விழா முடிந்தபின் ஒவ்வொரு மூர்த்தமும் தன் தன் ஊர்க்கு மீளும். பிரிதல் உண்டென்பது அறிந்தே கூடுகின்றோம். அதனால் அக்கூட்டம் பொய்யாவதில்லை. இறுதியுடையதென்று அறிந்து நுகரப்படும் இன்பம், இறுதியில்லதென்று மயங்கி நுகரப்படும் இன்பத்தினும் தூயது.

இருவினையொப்பு என்று நூல்கள் கூறுவது கல்லைப்போல் உணர்வற்றிருத்தலன்று. நல்வினை தீவினைகளினும் அவற்றின் பயன்களினும், ஒன்றைப் பற்றி ஒன்றை வெறாத ஒத்த நோக்கு அது. மலபரிபாகத்தோடும் சத்திநிபாதத்தோடும் இயைந்து நிகழ்வது. அவ்வுயர்நிலை ஒரு பயணத்தால் வருமென்று யாம் கூறேம். ஆயினும் கடற்காற்றில் மகளொடு சுண்டல் உண்டபடியே, நாளை இவள் நம்மோடிராள் என்பதையும் மறைக்காது ஏற்கும் மனம், அந்நெறிக்கு அரிச்சுவடி கற்கின்றது. கடற்கரைக்குச் செல்லாது முகம் வாடியிருந்த யாம் அவ்வொரு மாலைப்பாடத்தை இழந்தோம்.

புதுவை இப்பாடத்தை நெடுங்காலம் கண்ட ஊர். பிரெஞ்சு ஆட்சியில் இவ்வூரினரும் காரைக்காலினரும் அலுவலராயும் போர்வீரராயும் சைகோனுக்குச் சென்றனர். முதல் உலகப்போரில் உயிர்நீத்தார்க்கு 1938-இல் எழுப்பிய நினைவுச்சின்னம் கடற்கரையில் நிற்கின்றது. ஆட்சி 1954-இல் கைமாறி, 1962-இல் ஒப்பந்தம் நிறைவெய்தியபோது, பிரெஞ்சுக் குடிமை வேண்டினார்க்கு அதனைத் தெரிந்துகொள்ள வாய்ப்பு அளிக்கப்பட்டது; அதன்வழியே பிரான்சுக்குச் சென்று வாழுங் குடும்பங்கள் பல. கப்பலேறும் மகனைக் கரைநின்று நோக்கி, மீண்டும் காண்பதெப்போதென்று அறியாது திரும்பிய தாயர் இங்கு எத்துணைப்பேரோ! அவரொடு ஒப்பிட, நினைத்த பொழுதிற் குரல் கேட்கவும், பேருந்தேறிச் சென்று காணவும் வல்ல நம் பிரிவு மிக எளிது. ஆதலின் இக்காலத்துப் பெற்றோர்க்கு வந்த சோதனை பிரிவின் கடுமையன்று; பிரிந்தும் விடாது பற்றி நிற்றற்குரிய கருவிகளின் மிகுதியே.

ஆயினும் ஓர் அச்சம் எஞ்சும். மதுக்கடைகள் மலிந்த நகரில், அறிவுரைப்பார் அருகின்றி, மகவு நெறி பிறழின் என்செய்வதென்பது அது. இதற்கு விடை புதுவைக்குத் தென்மேற்கே திருவதிகையில் உளது. தம்பியார் மருணீக்கியார் பிரிந்து புறச்சமயம் புக்கபோது, திலகவதியார் அவரை வலிந்து இழுத்துவரச் சென்றிலர். வீரட்டானத்துத் திருமுன்றிலை அலகிட்டு, மெழுகி, மலர்தொடுத்து, பெருமானிடம் முறையிட்டு நின்றார். சூலைநோயுற்று அவர் இரவில் மீண்டு வந்தபோது, ஏன் சென்றாயென்று வினவாது திருநீறு அளித்து அழைத்துச் சென்றார். நாம் செய்யத்தக்கதும் அதுவே: மீளும் வாயிலைத் துப்புரவாக வைத்திருத்தல். வாயில் திறந்திருக்குமென்னுந் துணிவே பிறழாமைக்கும் துணையாம்.

பெற்றோர் கடமை மகவு குடியேறிய அளவில் முடிந்ததென்பது எம் கருத்தன்று. பொருள் வேண்டுழிப் பொருளும், சொல் வேண்டுழிச் சொல்லும் அளித்தல் என்றும் உளது. கேளாத சொல்லைத் திணிப்பதே விலக்கத்தக்கது. மக்களும், பெற்றோர் பெட்டியைத் தூக்க வரும்போது வேண்டாமென்று தடுக்கற்க. அத்தூக்குதலில் அவர்தம் பிரிவாற்றாமை பாதி இறங்கும்.

வேதபுரீசுரர் திருக்கோயிலை மீண்டும் நினைந்து அமைவாம். இவ்வூரின் பழைய வேதபுரீசுரர் கோயில் 1748-இல் பிரெஞ்சு ஆட்சியாளரால் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அத்துயரத்தைக் கூறும். பின்னர் அவ்வூரிலேயே வேறோரிடத்திற் கோயில் எடுக்கப்பட்டது. இடம் பெயர்ந்ததனால் இறைவன் குறைந்தானல்லன்; அங்குச் சென்று வணங்குவாரும் பழைய இடமன்றென்று மீள்வாரல்லர். எங்கும் நிறைந்த பொருளுக்கு ஒரு சுவரினும் மற்றொரு சுவர் சிறந்ததாமோ?

அண்மையில் எம் மகள் கைப்பேசியில் அழைத்தாள். கட்டில் எங்கே கிடக்கின்றதென்று கேட்க நா எழுந்தது. அடக்கிக்கொண்டு, பெருமானை வணங்கினாயா என்று மட்டும் வினவினோம். "காலையில் முதலில் அதுதான், அப்பா" என்றாள். அவ்வளவில் எம் நெஞ்சம் அமைந்தது. பெற்றவர் விட்டவிடத்தும் பெற்றவர்க்கும் பெற்றவன் விடான் என்னும் துணிவே மகப்பிரிவிற்கு மருந்தாம். அத்துணிவு நம் எல்லோர்க்கும் கைகூடுக.

திருச்சிற்றம்பலம்