அடைக்கலமும் அதிகாரமும்

நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவர் நெறி தவறினால், பதவிக்காலம் முடியும் முன்பே அவரை விலக்கலாமா? அணுவிரதம் பூண்ட இல்லறத்தார் அம்முயற்சியில் பங்கு கொள்ளலாமா? பொறுமையைத் தலையாய அறங்களுள் ஒன்றாகப் போற்றும் நமக்கு இக்கேள்வி எளியதன்று.

நம் நாட்டில் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களை மக்கள் திரும்ப அழைக்கச் சட்டம் இடம் தரவில்லை. 1974ஆம் ஆண்டில் ஜெயப்பிரகாஷ் நாராயண் இவ்வுரிமையை வலியுறுத்தினார், அது கைகூடவில்லை. எனினும் சில மாநிலங்களின் உள்ளாட்சிச் சட்டங்களில் அது இடம்பெற்றது. மத்தியப் பிரதேசத்தில் வகுக்கப்பட்ட முறைப்படி, மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த நகராட்சித் தலைவரை விலக்கக் கோரி மன்ற உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் கையொப்பமிட்டு ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பின்னர் வாக்காளர்கள் இரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்வர். சின்னங்கள் இரண்டே: ஆள் அமர்ந்த நாற்காலி, காலி நாற்காலி. அம்மாநிலத்திலிருந்து 2000ஆம் ஆண்டில் பிரிந்த சத்தீஸ்கரில், 2008ஆம் ஆண்டு மூன்று ஊர்களின் தலைவர்கள் இவ்வாறு பதவி இழந்தனர்.

'பிறர் குற்றம் பொறுப்பதன்றோ அறம்? ஒருவரைப் பதவியிறக்குவது அவர் மனத்துக்குச் செய்யும் இம்சை ஆகாதா?' என்று வினவுவோர் உளர். நமக்கு இழைக்கப்பட்ட தீங்கைப் பொறுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் ஊர்ப்பொருள் நமக்கு மட்டும் உரியதன்று. குடிநீருக்கென ஒதுக்கிய பணம் மறைந்துபோனால், வெறுங்குடத்துடன் நிற்கும் ஏழைத்தாயின் சார்பில் 'பொறுத்தோம்' என்று கூற நாம் யார்? பிறர் பொருளை எடுத்து வழங்குவது ஈகையாகாது. அதுபோலவே, பிறர் படும் துன்பத்தை நாம் மன்னித்துவிடுவது பொறுமையாகாது.

தத்துவார்த்த சூத்திரம், வாய்மை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாக அடைக்கலப் பொருளைக் கவர்ந்துகொள்வதைக் கூறுகிறது. பதவியும் மக்கள் வைத்த அடைக்கலமே. அதனைத் தம் உடைமையாகக் கொள்பவரிடம் அதைத் திரும்பக் கேட்பது இம்சையன்று.

அதே ஐந்தனுள் பொய்யான ஆவணம் புனைவதும் ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது. விண்ணப்பத்தில் பிறர் பெயரில் கையொப்பமிடுவதும், ஆராயாத பழியை மெய்யென எழுதித் தருவதும் அதன்பாற்படும். நாற்காலியில் இருப்பவரைக் கட்டும் விரதம், அவரை இறக்க முயல்பவரையும் கட்டுகிறது. காலியாகும் நாற்காலியில் தாம் அமரலாம் என்னும் லோபமும், முன்பு தோற்ற குரோதமும் நியாயத்தின் ஆடை உடுத்தி வரக்கூடும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1911 முதல் இவ்வுரிமை உண்டு. அங்கே குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை. மக்களின் அதிருப்தியே போதும். 2003ஆம் ஆண்டில் ஆளுநர் கிரே டேவிஸ் அவ்வாறே விலக்கப்பட்டார். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுச் சட்டமோ, நாடாளுமன்ற உறுப்பினர் சிறைத்தண்டனை பெறுதல், அவையிலிருந்து குறிப்பிட்ட காலம் நீக்கி வைக்கப்படுதல் போன்றவை நிகழ்ந்த பின்னரே மனுவுக்கு வழி திறக்கிறது. ஆறு வாரங்களுக்குள் தொகுதி வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டால் அவர் இடம் காலியாகிறது. விலக்கப்பட்டவர் இடைத்தேர்தலில் மீண்டும் போட்டியிடவும் தடையில்லை.

இப்பின்னைய முறையே நம் அறத்துக்கு நெருக்கமானது என்று கருதுகிறோம். இதில் குற்றம் முதலில் ஆராயப்படுகிறது. தவறியவர் திருந்தி வரும் வாயிலும் அடைக்கப்படுவதில்லை. வழுவியவரை மீண்டும் நன்னெறியில் நிறுத்தும் ஸ்திதிகரணம், நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றன்றோ?

ஆகவே, இத்தகைய விண்ணப்பம் நம்மிடம் வருமாயின் மூன்று வினாக்களை நம்மையே கேட்போம். இக்குற்றம் மெய்யென நாம் அறிவோமா? நம் உள்ளத்தில் பகை இல்லையா? அவரைத் தேர்ந்தெடுத்தபோது நாம் ஆராயாமல் வாக்களித்த பிழையை எண்ணி வருந்தினோமா? மூன்றுக்கும் 'ஆம்' எனக் கூற இயன்றால் அஞ்சாது கையொப்பமிடலாம். மறுநாள் அவரைத் தெருவில் காணும்போது முகம் திருப்பாமல் வணங்கவும் நம்மால் இயலும்.