நண்பன் போகிறான் என்பதற்காக

1964 கோடையில் மிசிசிப்பிக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பெரும்பாலோர் அமெரிக்க வட மாநிலங்களின் வெள்ளையின மாணவர்கள். வாக்களிக்கும் வயதிலிருந்த மிசிசிப்பியின் கறுப்பின மக்களில் நூற்றுக்கு 7 பேர்கூட அப்போது வாக்காளர் பட்டியலில் இல்லை. அந்த நிலையை மாற்றுவதே பயணத்தின் நோக்கம்.

தேர்வான பின்னும் பலர் போகவில்லை. ஏன்? சமூகவியலாளர் டக் மெக்காடம் பழைய விண்ணப்பங்களைத் தேடியெடுத்து, போன 720 பேரையும் பின்வாங்கிய 239 பேரையும் ஒப்பிட்டார். கொள்கைப் பிடிப்பில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: உங்கள் கோடைப் பணியைப் பற்றி யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்? போனவர்கள் எழுதிய பெயர்களில், அதே பயணத்துக்கு விண்ணப்பித்த நண்பர்கள் கூடுதலாக இருந்தார்கள்.

அப்படியானால், நண்பனுக்காகப் போனவரின் செயல் அறத்தில் ஒரு படி கீழானதா? இல்லை. அநீதியை மனத்துக்குள் வெறுப்பது எளிது. யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். நண்பனிடம் "நானும் வருகிறேன்" என்று சொல்லிவிட்டால் கேட்க ஓர் ஆள் வந்துவிடுகிறார். நம்பிக்கை வாக்குறுதியாவது அங்கேதான்.

நின்றுவிட்டவர்களைக் கோழைகள் என்பதும் நியாயமில்லை. 21 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் தேவைப்பட்டது. பல பெண்களை வீடுதான் தடுத்தது. நட்பே இல்லாத ஊரில் தனியாக நின்று துணிவது வேறு கணக்கு.

ஆனால் இதே நட்புதான் வெள்ளையின வெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானுக்கும் ஆள் சேர்த்தது. தோழன் அழைத்தான் என்பது ஒருவர் ஏன் போனார் என்பதை விளக்கும். போனது சரியா என்பதை விளக்காது. அதற்கு யாருடைய உரிமைக்காக, யாருடைய அழைப்பின் பேரில் என்று பார்க்க வேண்டும். மிசிசிப்பியில் போராட்டம் மாணவர்கள் வருமுன்பே நடந்துகொண்டிருந்தது. 1962இல் ரூல்வில் ஊரில் நடந்த கூட்டமொன்றில், வாக்காளராகப் பதிய யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது கைதூக்கியவர்களில் ஒருவர் கறுப்பினப் பண்ணைத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமர். பதியப் போனதற்காக, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அவரை வெளியேற்றினார்கள். மாணவர்களுக்குத் திரும்பிப்போக வேறு மாநிலம் இருந்தது, அவருக்கு இல்லை.

நட்பின் பிடி இவ்வளவு வலுவானது என்றால், அழைப்பவரின் பொறுப்பும் அந்த அளவுக்குக் கூடுகிறது. ஆபத்தை மறைத்து அழைப்பது நட்பைச் சுரண்டுவதாகும். 1964 ஜூன் 21 அன்று, இதே பணியில் இருந்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் மூவரும் மிசிசிப்பியில் காணாமல் போனார்கள். மிசிசிப்பிக்குப் போகவிருந்த மாணவர்களின் இரண்டாவது குழு அப்போது ஒஹாயோவில் பயிற்சியில் இருந்தது. திட்டத்தை வழிநடத்திய பாப் மோசஸ் அந்தச் செய்தியை மறைக்கவில்லை. மூவரும் இறந்திருக்கலாம் என்றார். வீட்டுக்குப் போக விரும்புகிறவர்கள் போகலாம் என்றும் சொன்னார். பெரும்பாலோர் மிசிசிப்பிக்கே போனார்கள்.