பின்னல் ஊசியும் பிறர்சிநேகமும்



கடைக்குப் போனால் கால்மணி நேரத்தில் வாங்கி வரக்கூடிய ஸ்வெட்டரை, மூன்று மாதம் உட்கார்ந்து கையால் பின்னுவது காலத்தை வியர்த்தமாக்குவது ஆகாதா? நம் மலையில் உறைபனிக் காலம் நெருங்கும்போதெல்லாம் இக்கேள்வி எழுகிறது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஊசி பிடிக்கத் தெரியாத ஆண்பிள்ளைகள். இருந்தாலும் கேள்வி நியாயமானதே.

கணக்குப் பாருங்கள். வளர்ந்த ஒருவருக்கு, முன்பக்கம் மட்டும் அகலத்தில் 110 கண்ணி, உயரத்தில் 150 வரிசை என்று வைத்தால் 16,500 கண்ணிகள். நிதானமாகப் பின்னுகிறவர் நிமிஷத்துக்கு 20 கண்ணி போடுவார். இரவு ஜெபமாலை முடிந்து தினம் அரைமணி நேரம் பின்னினால் முன்பக்கத்துக்கே 28 இரவுகள். பிறகு முதுகு, இரண்டு கைகள், கழுத்துப்பட்டி. நடுவில் ஒரு கண்ணி நழுவிப்போனால் பிரிக்கவும் வேண்டும். லூதியானா ஆலை இயந்திரங்களோ இதை வெகு சீக்கிரம் முடித்துவிடுகின்றன. அந்த ஸ்வெட்டரும் கம்பளியானால் குளிருக்கு அது ஒன்றும் மட்டமில்லை. கம்பளி தானாக உஷ்ணம் தருவதில்லை. இழைகளுக்கிடையே காற்றை அடக்கி, நம் தேகத்தின் சூட்டைக் காக்கிறது. பின்னியது கையா இயந்திரமா என்று அந்தக் காற்றுக்குத் தெரியாது.

ஆகவே, பிரயோஜனத்தைக் காட்டி வாதாட வேண்டாம். பொழுதுபோக்கு என்றே சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை. விளையாட்டிலும் புண்ணியம் உண்டா என்று ஆராயும் இடத்தில், அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் ஒரு பழங்கதை சொல்கிறார். அர்ச். அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டார்களாம். அவர்களில் ஒருவன் கையில் வில் இருந்தது. அம்புகளை எய்யச் சொல்லி, இப்படியே ஓயாமல் எய்ய முடியுமா என்று கேட்டார் அருளப்பர். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனித மனமும் அப்படியே என்றார் அவர். நாளெல்லாம் உழைத்த தாய் அரைமணி நேரம் நூலோடு இளைப்பாறுவதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

தவறு நுழையும் வாசல் வேறு. தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் ஒரு குழந்தை இன்றிரவு நடுங்குகிறது என்று தெரிந்தபின், அதற்கென்று நூல் வாங்கி முதல் வரிசை போடுவது பிறர்சிநேகம் ஆகாது. குளிர்காலம் கழிந்து ஸ்வெட்டர் போய்ச் சேரும். கடையில் வாங்கி, இன்றே கொடுங்கள்.

இன்னொரு வாசல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. "உனக்காக மூணு மாசம் கண்ணு முழிச்சுப் பின்னினேனே, ஒரு நாளாவது போட்டியா?" கல்லூரிக்குப் போகும் மகனும், புதிதாய் வந்த மருமகளும் இதைக் கேட்டிருப்பார்கள். நன்றி சொல்வது வாங்கிக்கொண்டவரின் கடமைதான். ஆனால் உடுத்துவதும் கடமையா? அந்த இரவுகளில் உங்களுக்குக் கிடைத்த ஆறுதல் உங்களுடையதே, அப்போதே பெற்றுக்கொண்டுவிட்டீர்கள். விரும்பிச் செய்ததைத் தியாகம் என்று கணக்கெழுதி, அன்பு செய்கிறவர்களைக் கடனாளியாக்குவது நீதியன்று. கொடுத்த பொருளுக்குக் கயிறு கட்டிக் கையில் வைத்திருந்தால் அது இன்னும் கொடுக்கப்படவில்லை.

ஜெர்மனி தேசத்து ஹாம்பர்க் நகரத்துக் கலைக்கூடத்தில், சுமார் 1400-ம் ஆண்டைச் சேர்ந்த பீடச் சித்திரம் ஒன்று இருக்கிறது. மாஸ்டர் பெர்ட்ராம் என்னும் ஓவியருடையது என்பார்கள். அதில் தேவமாதா உட்கார்ந்து, நடுவே தையலே வராதபடி, பல ஊசிகளில் வட்டமாக ஒரு சட்டை பின்னுகிறாள். பாலன் சேசு புத்தகத்தோடு தரையில் கிடக்கிறார். சம்மனசுகள் சிலுவையையும் ஈட்டியையும் ஏந்தி வந்து நிற்கிறார்கள். சேசுநாதர் காலத்தில் யூதேயாவில் இப்படிப் பின்னுகிற வழக்கம் இல்லை. சுவிசேஷம் சொல்வது நெய்த அங்கியை. ஓவியர் தம் காலத்துப் பெண்களின் கைவேலையைத் தேவமாதாவின் கையில் கொடுத்துவிட்டார். தையலில்லாத அந்த அங்கி கடைசியில் யாருக்குப் போயிற்று? சீட்டில் ஜெயித்த ஒரு போர்ச்சேவகனுக்கு. அதைச் செய்தவர் யாரென்று அவன் விசாரித்திருக்கமாட்டான்.

சித்திரத்திலே சட்டை முடியப்போகிறது. கழுத்து வேலை நடக்கிறது. அந்த இடத்துக்கு வந்திருக்கிற நம் பங்குத் தாய்மாருக்கு ஒரு வார்த்தை: கடைசி வரிசையை இறுக்கி முடிக்காதீர்கள். பிள்ளையின் தலை நுழைய வேண்டும்.