பெயரும் அச்சமும்

31ஆம் நாள் துடக்குக் கழிவதற்குள் மகளுக்குப் பெயர் தேட வேண்டியிருந்தது. சிங்களவர் வாயிலும் சிதையாத பெயராக இருக்கட்டும் என்றாள் மனைவி. நல்லெண்ணந்தானே? நிர்மலா, கமலா போன்றவை இரு மொழியாரும் வழங்கும் பெயர்கள். வடமொழி இருவர்க்கும் ஈந்தவை. நான் விரும்பியதோ யாழினி. அதன் ழகரம் சிங்களத்தில் இல்லை. (யாழ்ப்பாணத்தாரில் எத்தனை பேர் அதனைச் செம்மையாக ஒலிக்கிறோம் என்பது வேறு விடயம்!)

1983 யூலையில் வீதியில் மறிக்கப்பட்டோர் சிலரை, வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்னும் சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். முதலெழுத்தை ஒலிக்கும் விதத்தில் தமிழரை இனங்கண்டார்கள். நான் பிறக்குமுன் நடந்தது அது. ஆயினும் அந்த அச்சம் எனக்கும் முதுசமாக வந்திருக்கிறது. அவ்வாறாயின் நாம் தேடும் பொதுப்பெயர் பாலமா, முகமூடியா? சிங்களத் தாயொருத்தி தன் மகனுக்குப் பெயரிடுகையில் தமிழ் நாவை எண்ணிப் பார்க்கிறாளா? எண்ணாதவரை விட்டுக்கொடுப்பு ஒரு பக்கத்ததே. அதனை ஒற்றுமை என்றழைக்க என் மனம் ஒப்பவில்லை.

"உங்கட கொள்கைக்குப் பிள்ளையோ விலை?" என்றாள் மனைவி. மலையகத்தில் படிப்பித்தவள் அவள். எழுதுநர் பிழையாகப் பதிந்த பெயரைத் திருத்துவதற்காகக் கச்சேரிப் படியேறி அலைந்த தோட்டத் தொழிலாளரைக் கண்டவள். அவளுக்கு என்னிடம் விடை இருக்கவில்லை, இன்றும் இல்லை.

ஈற்றில் அவளே யாழினி என்று எழுதிக் கையொப்பமிட்டாள். ஏனென்று நான் கேட்கவில்லை. அயல்வீட்டுச் சிங்கள மூதாட்டி 'யாலினி' என்றழைக்கிறார். பிள்ளை அதற்கும் திரும்பிப் பார்க்கிறது.